ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டம் போட்ட சின்ன மைதானம். நம் பக்கம் ஐந்து பேர், எதிரே ஆறேழு பேர். 1997-இல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த இந்த கேமை இன்றும் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் புதுப்பித்த பதிப்பு வந்த பிறகு புதியவர்களும் நிறையக் கேட்கிறார்கள். வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். முதல் அத்தியாயக் கதை கொஞ்சம் வெளியே வரும்; பெரிய திருப்பங்களைத் தொடவில்லை.

இது என்ன வகை கேம்?

டர்ன் முறையில், அதாவது தன் முறை வரும்போது மட்டும் ஆடும் வியூக கேம். நகர்த்த வேண்டும், அடிக்க வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று முடிவு செய்ய வேண்டும். விரல் வேகம் தேவையில்லை. ஒரு முடிவுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சண்டைகளுக்கு நடுவே ஆட்களைத் தயார் செய்ய வேண்டும். கேமின் பாதி அந்தத் தயாரிப்பில்தான் இருக்கிறது.

யார் செய்தது?

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம். இயக்கமும் கதையும் யாசுமி மட்சுனோ. அவர் அதற்கு முன் குவெஸ்ட் என்ற நிறுவனத்தில் இருந்தபோது 1995-இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாமுக்கு ‘டாக்டிக்ஸ் ஓகர்’ செய்தவர். அங்கே அவருடன் இருந்த ஓவியர் அகிஹிகோ யோஷிடா, இசையமைப்பாளர்கள் ஹிட்டோஷி சகிமோட்டோ, மசஹரு இவாட்டா ஆகியோர் இந்த கேமிலும் இருக்கிறார்கள். சண்டை முறையை வடிவமைத்தவர் ஸ்கொயரில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ஹிரோயுகி இட்டோ. ஒரு பக்கம் அரசியல் கதை சொல்லத் தெரிந்த குழு, இன்னொரு பக்கம் எண்களோடு விளையாடத் தெரிந்த மனிதர். இரண்டும் சேர்ந்ததுதான் இதன் அதிர்ஷ்டம் என்பேன்.

ஃபைனல் ஃபேண்டஸி வரிசையில் எதையும் ஆடியதில்லை. புரியுமா?

புரியும். இது தனிக்கதை. சோக்கோபோ பறவை, சில மந்திரப் பெயர்கள் போன்றவைதான் பொதுவானவை.

சதுரங்கம் மாதிரியா?

அப்படித்தான் பலரும் சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சதுரங்கத்தில் நீங்கள் ஒரு காய், நான் ஒரு காய் என்று முறை மாறும். இங்கே முறை என்பதே நாம் சம்பாதிப்பது.

ஒவ்வொரு ஆளுக்கும் சிடி என்று ஓர் எண் இருக்கிறது. கேமுக்குள் ஓடும் கடிகாரத்தின் ஒவ்வொரு டிக்குக்கும் அந்த ஆளின் வேகம் அதில் கூடும். 100-ஐத் தொட்டவுடன் அவர் முறை வரும். வேகம் 10 உள்ளவருக்குப் பத்து டிக்கில் முறை. வேகம் 8 என்றால் பதின்மூன்று டிக். இது வரைக்கும் சாதாரணம். முறை முடிந்ததும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நகர்ந்து, அடிக்கவும் செய்தால் 100 கழியும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 80. எதுவும் செய்யாமல் நின்றால் 60 மட்டுமே. அதாவது வேகம் 10 உள்ளவர் சும்மா நின்றால் ஆறே டிக்கில் அடுத்த முறை வந்துவிடும்.

இதை உணர்ந்த பிறகு கேம் வேறு மாதிரி தெரியும். ஆரம்பத்தில் எல்லோரும் ஓடிப்போய் அடிப்பார்கள். பழகியவர்கள் ஓர் ஆளை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பார்கள். எதிரி நெருங்கி வந்து தன் நூறையும் செலவழித்து நிற்கும்போது நம் முறை வந்திருக்கும். டைம் மேஜ் என்ற மந்திரவாதி போடும் ஹேஸ்ட் (வேகம் கூட்டுவது), ஸ்லோ (குறைப்பது) போன்றவை மற்ற கேம்களில் பெரும்பாலும் அலங்காரம். இங்கே அவைதான் முதல் தர ஆயுதம். வரைபடத்தில் நான்கு கட்டம் தள்ளி நிற்பவனைவிட, அடுத்து யார் முறை என்று காட்டும் வரிசைப் பட்டியலில் நமக்கு முன்னால் நிற்பவன் ஆபத்தானவன். இந்த கேமின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று ஒரே வரியில் கேட்டால், நேரத்தைச் செலவு செய்யும் பொருளாக நம் கையில் கொடுத்துவிடுவதில் என்பதுதான் என் பதில்.

நான் போட்ட மந்திரம் என் ஆள் மேலேயே வெடிக்கிறது. ஏன்?

மந்திரத்துக்கும் கடிகாரம் உண்டு. சொல்லி முடித்தவுடன் விழாது. மூலப் பதிப்பில் சாதாரண ஃபயர் விழ நான்கு டிக் ஆகும். பெரிய ஃபயர் 4 விழப் பத்து டிக். அந்த இடைவெளியில் எதிரிக்கு முறை வந்தால் அவன் அங்கே இருக்க மாட்டான்.

குறி வைக்கும்போது கேம் ஒரு கேள்வி கேட்கும்: கட்டத்தின் மேலா, ஆளின் மேலா? கட்டம் என்றால் அவன் நகர்ந்தவுடன் மந்திரம் வெறும் தரையில் விழும். ஆள் என்றால் அவன் போகுமிடமெல்லாம் கூடவே போகும். அவன் நேராக வைத்தியம் பார்க்கும் உங்கள் ஒயிட் மேஜ் பக்கத்தில் வந்து நின்றால் இருவர் மேலும் சேர்ந்துதான் விழும். ஃபயர் போன்ற மந்திரத்துக்கு நம்மவன், எதிரி என்ற பேதம் கிடையாது. தீர்வு எளிது: குறி வைக்கும் முன் வரிசைப் பட்டியலைத் திறந்து, மந்திரம் அவன் முறைக்கு முன்னால் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் இதையே திருப்பியும் போடலாம். வேகமான நம் ஆள் ஒருவர் மேல் மந்திரத்தை ஏற்றி, அவரை எதிரிக் கூட்டத்துக்குள் அனுப்பி வைப்பது. அந்த நெருப்பைத் தாங்கும் கவசம் அவரிடம் இருந்தால் கவலையே இல்லை.

உயரமும் திசையும் அவ்வளவு முக்கியமா?

ஆமாம். முன்னாலிருந்து அடித்தால் எதிரியின் தப்பும் திறன், கேடயம், மேலங்கி எல்லாம் கணக்கில் வரும். பக்கவாட்டில் தப்பும் திறன் போய்விடும். முதுகில் அடித்தால் மேலங்கி போன்ற அணிகலன் தவிர எதுவும் காப்பாற்றாது. அதனால் முறை முடியும்போது எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறீர்கள் என்பதைச் சோம்பேறித்தனமாக விடாதீர்கள். உயரத்தில் நிற்கும் வில்லாளிக்கு எட்டும் தூரம் கூடும். வரைபடத்தைச் சுழற்றிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். சுவருக்குப் பின்னால் ஒருவன் நிற்பது பல சமயம் திருப்பினால்தான் தெரியும்.

ஜாப் முறையைப் பற்றி எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்களே?

பேசட்டும், தகும். ஜாப் என்றால் ஓர் ஆள் ஏற்கும் தொழில். மூலப் பதிப்பில் பொதுவான ஜாப்கள் 20. ஸ்குவயர் (கத்துக்குட்டி வீரன்), கெமிஸ்ட் (மருந்து தருபவர்) என்ற இரண்டில் ஆரம்பித்து ஒன்றிலிருந்து இன்னொன்று திறந்துகொண்டே போகும். ஒரு ஜாப்பில் சண்டை போட்டால் ஜாப் புள்ளிகள் சேரும். அதைக் கொடுத்து அந்த ஜாப்பின் திறன்களை வாங்கலாம். வாங்கியது ஜாப் மாறினாலும் கூடவே வரும். இங்கேதான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. ஓர் ஆளுக்கு ஐந்து இடங்கள்: இப்போதைய ஜாப்பின் கட்டளை, வேறொரு ஜாப்பின் கட்டளை, அடி விழும்போது எதிர்வினை, துணைத் திறன், நடை.

ஓர் எடுத்துக்காட்டு. நிஞ்சா ஜாப்புக்கு ஒரு துணைத் திறன் உண்டு. இரண்டு கையிலும் ஆயுதம் பிடிக்கலாம். மங்க் ஆயுதமே இல்லாமல் வெறுங்கையால் பலமாகக் குத்துபவர். நிஞ்சாவின் அந்தத் திறனை மங்குக்குப் பொருத்தினால்? இரண்டு குத்து. ஆயுதம் வாங்கக் காசே செலவில்லை. இதை எந்த அறிமுகப் பக்கமும் சொல்லித் தராது. ஒரு நாள் மெனுவைத் துழாவும்போது தானாகத் தோன்றும். அந்தக் கணத்துக்காகத்தான் மக்கள் மணிக்கணக்கில் மெனுவில் கிடக்கிறார்கள்.

உச்சம் என்றால் அரித்மெடிசியன். நான்கு மந்திர ஜாப்களை வளர்த்த பிறகுதான் திறக்கும், முறை வருவதும் ஆமை வேகம். ஆனால் இவர் மந்திரம் போட எம்பி என்ற மந்திர சக்தி வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். கணக்கு மட்டும் சொன்னால் போதும். லெவல், அனுபவம், உயரம், சிடி ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது 3, 4, 5-இன் மடங்காகவோ பகா எண்ணாகவோ இருக்கும் அத்தனை பேர் மேலும், மைதானம் முழுக்க, உடனே மந்திரம் விழும். நம் ஆட்களும் அதில் மாட்டுவார்கள். அதனால் கெட்டிக்காரர்கள் நம்மவர் எல்லோருக்கும் புனித மந்திரத்தை உறிஞ்சும் அங்கியை மாட்டிவிட்டு ஹோலியைப் போடுவார்கள்: எதிரி சாய்வான், நம்மவருக்கு உயிர் ஏறும். பள்ளியில் பகா எண் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இது சமர்ப்பணம்.

கேம் இதைத் தடுப்பதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சமநிலை கெட்டுவிடும் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். உடைத்து ஆடுபவருக்கும் இடம், ஒரே ஜாப்பை வைத்துக் கடைசி வரை போகிறேன் என்று சபதம் எடுப்பவருக்கும் இடம்.

பிரேவ், ஃபெய்த் என்ற இரண்டு எண்கள் எதற்கு?

பிரேவ் துணிச்சல். எதிர்வினைத் திறன்களில் பெரும்பாலானவை அந்தச் சதவீதத்தில்தான் வேலை செய்யும். பிரேவ் 70 என்றால் நூற்றுக்கு எழுபது முறை. ஃபெய்த் நம்பிக்கை. மந்திரத்தின் பலம் போடுபவர் ஃபெய்த், வாங்குபவர் ஃபெய்த் இரண்டையும் பெருக்கித்தான் வரும். இருவருக்கும் 70 என்றால் மந்திரம் தன் முழு பலத்தில் 49 சதவீதம். வாங்குபவர் ஃபெய்த் 40 ஆனால் 28. நம்பிக்கை குறைந்தவரை நெருப்பும் அதிகம் சுடாது, வைத்தியமும் அதிகம் ஆற்றாது. சரி, அப்படியானால் ஃபெய்த்தை ஏற்றிக்கொண்டே போகலாமா? 95-ஐத் தொட்டால் அந்த ஆள் கடவுளே கதி என்று படையை விட்டுப் போய்விடுவார். மதத்தை மையமாகக் கொண்ட கதைக்குள் இப்படி ஒரு விதியை எண்ணாகவே புதைத்து வைத்த குறும்பை ரசிக்காமல் இருக்க முடியாது.

துணிச்சல் குறைவதிலும் லாபம் உண்டு. தரையில் புதைந்த அரிய பொருளை எடுக்கும் வாய்ப்பு, பிரேவ் குறையக் குறையக் கூடும். அதனால் பொருள் தேடுவதற்கென்றே ஒரு கோழையை வளர்ப்பது வழக்கம்.

ஆள் செத்தால் போனதுதானா?

உடனே இல்லை. விழுந்தவர் தலைக்கு மேல் 3 என்று எண் ஓட ஆரம்பிக்கும். அவர் முறை வரும்போதெல்லாம் ஒன்று குறையும். அது முடிவதற்குள் ஃபீனிக்ஸ் டவுன் என்ற பொருளோ உயிர்ப்பிக்கும் மந்திரமோ வேண்டும். தவறினால் படிகமாகவோ பெட்டியாகவோ மாறிவிடுவார், நிரந்தரமாக. படிகத்தின் மேல் போய் நிற்பவர் தன் உயிரை நிரப்பிக்கொள்ளலாம், அல்லது இறந்தவரின் திறன்களைக் கற்றுக்கொள்ளலாம். பல மணி நேரம் வளர்த்த ஆளின் மிச்சத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் அந்த மெனு கொஞ்சம் கலங்க வைக்கும். நாயகன் ராம்சா படிகமானால் கேம் ஓவர்.

கதை அவ்வளவு நல்லதா?

எனக்கு, ஆம். இவாலிஸ் என்ற நாடு ஐம்பதாண்டுப் போரில் தோற்றுக் களைத்திருக்கிறது. சம்பளம் கிடைக்காத வீரர்கள் கொள்ளையர்களாக மாறியிருக்கிறார்கள். குழந்தை இளவரசனின் பெயரால் யார் ஆள்வது என்று இரண்டு பிரபுக்கள் மோதுகிறார்கள். அதுதான் சிங்கப் போர். இங்கிலாந்தின் ரோஜாப் போர் படித்தவர்களுக்குச் சாயல் தெரியும்.

முதல் காட்சியிலேயே ஒரு வரலாற்றாசிரியர் வந்து சொல்லிவிடுகிறார்: போரை முடித்த வீரன் என்று உலகம் கொண்டாடுவது டெலிடா என்பவனை. ராம்சாவைத் திருச்சபை மத விரோதி என்று எழுதி வைத்திருக்கிறது. உண்மை என்ன என்று பார்ப்போம் என்று ஆரம்பிக்கிறது. முடிவு தெரிந்தேதான் ஆடுகிறோம். நாம் ஜெயிக்கும் எந்தச் சண்டையும் ஏட்டில் ஏறப்போவதில்லை.

ராம்சா பெரிய குடும்பத்துப் பிள்ளை. டெலிடா அதே வீட்டில் வளர்ந்த சாமானியன். அவனுக்கு ஒரு தங்கை. பிரபுக்கள் வீட்டில் வளர்ந்தாலும் அவர்கள் கணக்கில் அவள் யார் என்பதற்கு முதல் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கோட்டை வாசலில் பதில் கிடைக்கிறது. அதற்கு முன் ஆல்கஸ் என்ற பையன் நம் கூடவே சண்டை போட்டுக்கொண்டு வருவான். சாமானியர்களைப் பற்றி அவன் பேசும் பேச்சுதான் அந்த வாசலில் என்ன நடக்கும் என்பதற்கு முன்னறிவிப்பு. இந்த கேமில் ராட்சதர்களும் வருகிறார்கள். ஆனால் நான் அதிகம் வெறுத்தது அவனைத்தான்.

பின்பாதியில் மாயக்கற்கள், அசுரர்கள் என்று போகும்போது அரசியல் கொஞ்சம் மங்கிவிடுகிறது. அது உண்மையான குறை.

முதல் அத்தியாயத்தில் டார்ட்டர் ஊர்ச் சண்டையைத் தாண்டவே முடியவில்லை!

எல்லோருக்கும் அங்கேதான் முதல் அடி விழும். கூரை மேல் வில்லாளி, கீழே நம் ஆட்கள் இன்னும் ஒன்றும் கற்காதவர்கள். மூன்று யோசனைகள் சொல்கிறேன். போகும் முன் காட்டிலும் சமவெளியிலும் சில சண்டைகள் போட்டு, ஸ்குவயரின் ஜாப் புள்ளி கூட்டும் திறனை எல்லோருக்கும் வாங்கிவிடுங்கள். இருவரைக் கெமிஸ்ட்டாக வைத்திருங்கள். மருந்து வீசக் காத்திருக்க வேண்டாம் என்பதால் ஆரம்பத்தில் ஒயிட் மேஜைவிட அவர்களே மேல். வீதியில் கொத்தாக நிற்காதீர்கள், எதிரியின் பிளாக் மேஜ் ஒரே மந்திரத்தில் மூவரைச் சாய்ப்பான்.

அதற்காக லெவலை வெறித்தனமாக ஏற்றவும் வேண்டாம். வழியில் சந்திக்கும் எதிரிகள் உங்கள் லெவலுக்கு ஏற்ப வளர்வார்கள். கூட்டமாக வரும் சிவப்புச் சோக்கோபோக்களிடம் அடி வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ரியோவானெஸ் கோட்டை என்றாலே ஏன் பயமுறுத்துகிறார்கள்?

மூன்றாம் அத்தியாயத்தின் முடிவு. வாசலில் ஒரு சண்டை, உள்ளே ராம்சா தனியாக வீக்ராஃப் என்ற எதிரியுடன், உடனே அதே இடத்தில் இன்னும் பெரிய ஒன்று, அப்புறம் மாடியில் ஒன்று. இடையே சேவ் செய்யச் சொல்லும். மூலப் பதிப்பில் வெளியே போய் ஆளை வளர்க்க முடியாது. ராம்சாவைப் பலவீனமான ஜாப்பில் வைத்திருந்து, இருந்த ஒரே சேவின் மேலேயே எழுதிவிட்டால் கதை முடிந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கோட்டைக்கு வெளியே தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் ராம்சாவுக்குத் தன் வேகத்தைக் கூட்டும் கத்தல் திறனையும், அடி விழும்போது தானே மருந்து குடிக்கும் எதிர்வினையையும் கொடுத்தால் தனிச்சண்டையைச் சமாளித்துவிடலாம்.

கடைசி அத்தியாயம் ரொம்ப சுலபம் என்கிறார்களே?

ஓர்லாண்டு என்ற முதியவர் படையில் சேர்ந்த பிறகு, ஆமாம். அவர் வாளோடு வந்து நின்றாலே பாதி எதிரிகள் காலி. கதையில் அவர் நாடறிந்த தளபதி, அதனால் அப்படி இருப்பது நியாயம்தான். சவால் வேண்டும் என்பவர்கள் அவரைப் பாளையத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

கதாபாத்திரங்களுக்கு ஏன் மூக்கு இல்லை?

யோஷிடா வரைந்த பாணி அது. இரண்டு மணி நேரம் ஆடினால் கவனிப்பதையே விட்டுவிடுவீர்கள்.

எந்தப் பதிப்பை வாங்குவது?

2007-இல் சோனியின் கைக்கருவியான பிஎஸ்பிக்கு ‘வார் ஆஃப் தி லயன்ஸ்’ வந்தது. கார்ட்டூன் காட்சிகள், புது ஜாப்கள், புது ஆட்கள் எல்லாம் உண்டு. மந்திரம் போடும்போது மட்டும் பிஎஸ்பியில் இழுவையாக இருக்கும். அதுவே பிறகு ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது, அங்கே அந்த இழுவை இல்லை. 2025-இன் ‘தி இவாலிஸ் க்ரானிக்கல்ஸ்’ பிஎஸ் 4, பிஎஸ் 5, ஸ்விட்ச், ஸ்விட்ச் 2, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினி எல்லாவற்றிலும் கிடைக்கிறது. அதில் பழைய வடிவம் ஒன்று, மேம்படுத்திய வடிவம் ஒன்று. மேம்படுத்தியதில் வசனங்களுக்குக் குரல், கடினத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலைகள், தானே சேவ் ஆகும் வசதி, வேகமாக ஓட்டும் பொத்தான். பிஎஸ்பியில் சேர்த்த புது ஜாப்களும் விருந்தினர்களும் மட்டும் இதில் இல்லை. முதல் முறை ஆடுபவருக்கு நான் சொல்வது இந்த மேம்படுத்திய வடிவம்தான். ஆங்கிலம் பழைய நாடகப் பாணியில் கொஞ்சம் கனமாக இருக்கும். குரலும் சேர்ந்து வருவதால் பேசும் தொனியை வைத்துப் பாதி பிடித்துவிடலாம்.

முடித்துவிட்டேன். அடுத்து?

இதே சுவை வேண்டுமென்றால் ‘டாக்டிக்ஸ் ஓகர்’, 2022-இல் வந்த ‘ரீபார்ன்’ பதிப்பு. கதையில் இதைவிடக் கறாரானது. உங்கள் முடிவைப் பொறுத்துக் கிளை பிரியும். வேகமாக, இலகுவாக ஒன்று வேண்டுமென்றால் ஃபயர் எம்ப்ளம் வரிசை. அதில் ஒரு பக்கத்தார் எல்லோரும் ஆடி முடித்த பிறகுதான் அடுத்த பக்கம், அதனால் சிடி கணக்கு எதுவும் இல்லை. 2003-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த ‘டாக்டிக்ஸ் அட்வான்ஸ்’ பெயரைப் பார்த்து இதன் தொடர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கதை வேறு, தொனி வேறு. சண்டை நடுவே நடுவர் வந்து இன்று வாள் வீசக் கூடாது என்று விசிலடிப்பார். சிலருக்கு அது பிடிக்கிறது.